முப்பத்தோராயிரம் பேர் கேட்ட கார்

முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. புதன்கிழமை காலை அலுவலக வாசலில் தொங்கிய பெரிய திரையில் இருந்த எண் அது. சந்தைக்கு இன்னும் வராத ஒரு மின்சார காருக்கு அத்தனை முன்பதிவுகள். உள்ளே வருகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அடையாள அட்டையைத் தேய்த்தார்கள். எண் ஏறியிருந்தால் காவலாளிகூடத் தன் மகன் பரீட்சையில் தேறியதுபோலச் சிரித்தார்.

அண்ணாந்து பார்க்காமல் போகிறவர் ஒருவர் உண்டு. வயது நாற்பத்து மூன்று, கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் காது போன். அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று சொல்வதுதான் அவருடைய வேலை. எத்தனை பேர் கேட்கிறார்கள், எந்த ஊரில், எந்த நிறத்தில், அதில் எத்தனை பேர் கடைசியில் உண்மையாகவே வாங்குவார்கள் என்று வாராவாரம் திங்கட்கிழமை அறிக்கை கொடுப்பார். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘வானிலை’.

“வானிலை அக்கா, இன்னிக்கு மழையா வெயிலா?” என்று லிஃப்டில் யாராவது கேட்பார்கள்.

“மேகமூட்டம். குடை இருந்தா எடுத்துட்டு வாங்க.”

“நீங்க என்னிக்குத்தான் வெயில்னு சொல்லிருக்கீங்க?”

“வெயில் அடிச்சா என்னை எதுக்குக் கேக்கப் போறீங்க?”

இதற்கு முன் பதினோரு வருடம் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இருந்தார். நாளைக்கு எத்தனை ரொட்டி சுட வேண்டும் என்று இன்று மாலையே சொல்லியாக வேண்டும். கூடுதலாகச் சொன்னால் காய்ந்த ரொட்டி வண்டி வண்டியாகத் திரும்பி வரும். குறைத்துச் சொன்னால் விடிந்தும் விடியாமலும் கடைக்காரர்கள் போனில் காது கிழியத் திட்டுவார்கள். கார் கம்பெனி நேர்காணலில், ரொட்டிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். “ரொட்டி மறுநாளே என் தப்பைக் காட்டிக் குடுத்துடும். கார் ஆறு மாசம் வெயில்ல நின்னு காட்டிக் குடுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். வேலை கிடைத்தது.

புதன்கிழமைகளில் அவர் கணினியைப் பார்ப்பதில்லை. முன்பதிவு செய்தவர்களில் கண்ணை மூடிக்கொண்டு சிலரைத் தேர்ந்தெடுத்துத் தானே போன் போடுவார். வாங்குவீர்களா என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். “வண்டியை எங்க நிறுத்துவீங்க?” என்றுதான் கேட்பார். மின்சார கார் நிற்கிற இடத்தில் மின் இணைப்பு வேண்டும். வாங்கப் போகிறவருக்கு அந்த இடம் ஏற்கெனவே ஒரு தலைவலியாகியிருக்கும். எந்தச் சுவர், எவ்வளவு ஒயர், எந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்த்தகராறு என்று மளமளவெனக் கொட்டுவார். சும்மா பதிவு செய்துவைத்தவர், “அது... அப்ப பாத்துக்கலாம்” என்பார்.

அந்த வாரம் இந்த வேலைக்கு வழக்கத்தைவிடக் கனம் அதிகம். உண்மையாக வாங்குகிறவர்கள் இருபத்தெட்டாயிரம் பேர் தேறினால் ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் தொடங்குவது என்று நிர்வாகம் முன்பே முடிவு செய்திருந்தது. வானிலையின் போன வாரத் திங்கட்கிழமை அறிக்கையில் எண் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அறுநூறு பேரைத் தேர்வு செய்து, உடல் பரிசோதனையும் முடித்து, அழைப்புக்காகக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆலை முற்றத்தில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அறிவிப்பு. அந்த அறுநூறு பேரில் ஒருவன் அவருடைய தம்பி.

தம்பி பேருந்துப் பணிமனையில் டீசல் இன்ஜின் மெக்கானிக். அக்கா வீட்டு மாடியில்தான் அவனும் மனைவியும் குடியிருந்தார்கள். புது ஆலையில் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவனுக்கு இரண்டு வருடக் கனவு. ஆனால் அக்காவிடம் சிபாரிசு கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அக்கா செய்திருக்கப் போவதில்லை.

புதன்கிழமை காலை மூன்றாவது அழைப்பில் ஒரு மருந்துக் கடைக்காரர் கிடைத்தார். வெள்ளை நிற வண்டிக்குப் பதிவு செய்தவர்.

“எங்க நிறுத்துவேனா? நல்லா கேட்டீங்க போங்க. மாடிப்படிக்குக் கீழ மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல இடம் இருக்கு. ஆனா கீழ்வீட்டுக்காரர் அங்க ஒரு ஓட்டை சைக்கிளைப் போட்டு வச்சிருக்கார். ஓட்டவும் மாட்டார், எடுக்கவும் மாட்டார். அந்த சைக்கிளுக்கு என் வயசிருக்கும்.”

வானிலை சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். உறுதி. இவர் வாங்குவார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேசிய ஏழாவது ஆள் ஒரு பள்ளி ஆசிரியை. வேறு போன் எண், வேறு பெயர், நீல வண்டி.

“மாடிப்படிக்குக் கீழ நிறுத்தலாம்மா. மீட்டர் பெட்டியும் அங்கதான் இருக்கு. கீழ்வீட்டுக்காரர் சைக்கிளை எடுக்கச் சொல்லிக்கிட்டே இருக்கோம், மனுஷன் அசைய மாட்டேங்கிறார்.”

வானிலையின் பேனா நின்றது.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் மருந்துக் கடை வச்சிருக்காரா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவரும் எங்ககிட்ட ஒரு வண்டிக்குப் பதிஞ்சிருக்கார்.”

“அது வெள்ளைம்மா. அவர் அவசரப்பட்டு வெள்ளையைப் போட்டுட்டார். தினம் யார் தொடைக்கிறது? நீலமா மாத்துங்கன்னேன். உங்க வெப்சைட்ல மாத்தவே வழியில்ல. அவர் நம்பர்லயே இன்னொண்ணு போடலாம்னா, ‘இந்த எண்ணில் ஏற்கெனவே பதிவு உள்ளது’ன்னு வந்து நிக்குது. அதான் என் நம்பர்ல போட்டோம். அப்புறம் எங்க பொண்ணு சிவப்புதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவ நம்பர்லயும் ஒண்ணு இருக்கு.”

“அப்போ மூணு வண்டி வாங்கப் போறீங்களா?”

“ஏம்மா, ஒரு வண்டி நிறுத்தவே சைக்கிள்காரர் கால்ல விழ வேண்டியிருக்கு! எந்தக் கலர் முதல்ல வருதோ அதை எடுத்துக்கிட்டு மத்ததை விட்டுடுவோம். பதிவுக்குத்தான் காசு இல்லையே.”

போனை வைத்துவிட்டு இரண்டு பதிவுகளையும் கோடு போட்டு இணைத்தார். ஓர் எண்ணுக்கு ஒரு வண்டி என்ற விதியைக் கொண்டுவந்தது அவரேதான். பதிவு இலவசம் என்றதும் தரகர்கள் ஐம்பது நூறு என்று அள்ளிக்கொள்வார்கள், வரிசையில் முன்னால் இருக்கிற இடத்தைப் பிறகு விற்பார்கள் என்று பயந்து போட்ட விதி. தரகர்கள் நின்றார்கள். குடும்பங்கள் உள்ளே வந்தன. ஒரே எண்ணில் மூன்று பதிவு விழுந்திருந்தால் கணினியே கழித்திருக்கும். மூன்று எண்ணில் விழுந்தால் அவை மூன்று வாடிக்கையாளர்கள். ஊர் மட்டும் கேட்டார்கள், வீட்டு முகவரி கேட்கவில்லை. வண்டி கொடுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

இரண்டு மேசை தள்ளி இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிற இளைஞன் இருந்தான். எதைக் கேட்டாலும் “டிக்கெட் போடுங்க” என்பதால் அவனுக்கு ‘டிக்கெட்’ என்றே பெயர்.

“டிக்கெட், கலர் மாத்த ஏன் பட்டன் இல்ல?”

“யாரும் டிக்கெட் போடலையேக்கா.”

“பழசைக் கேன்சல் பண்ணிட்டுப் புதுசு போடலாமே?”

“போடலாம். ஆனா வரிசைல கடைசிக்குப் போயிடுவாங்க. நீங்களா இருந்தா பண்ணுவீங்களா?”

பண்ண மாட்டார். யாருமே பண்ண மாட்டார்கள்.

அவருக்குக் கீழே நான்கு பேர் போன் பேசுகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டார். “நாளைக்கு முழுக்க வேற வேலை வேண்டாம். நூறு நூறு பேரைக் கூப்பிடுங்க. ஒரே கேள்வி. வீட்டுல வேற யாராவது இதே வண்டிக்குப் பதிஞ்சிருக்காங்களான்னு கேளுங்க.”

“எதுக்கு அக்கா?”

“ஒரு வீட்டுல மழை பெஞ்சதைப் பாத்தேன். ஊரெல்லாம் பெய்யுதான்னு தெரியணும்.”

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மாடியில் டக் டக் என்று நடக்கிற சத்தம். தம்பி புதுப் பாதுகாப்பு ஷூ வாங்கி, கால் கடிக்காமல் இருக்க வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் படியில் அதே சத்தத்தோடு இறங்கி வந்தான்.

“அக்கா, விட்டுட்டேன்!”

“எதை?”

“பணிமனை வேலையை. இன்னிக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

“ஏன்டா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?”

“நானும் ஒரு மாசம் நோட்டீஸ்னுதான் நெனச்சேன். என் இடத்துக்கு ஒருத்தன் ரெடியா உக்காந்திருக்கான், நாளைல இருந்தே வர வேண்டாம்னுட்டாங்க. இதுல என்ன இருக்கு? உங்க ஆபீஸ் வாசல்லயே நம்பர் எழுதியிருக்கே. தாண்டிடுச்சுன்னு போன வாரம் நீதானே சொன்ன?”

தம்பியின் மனைவி மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அண்ணி, உங்க தம்பி இந்த ஷூவோடதான் இன்னிக்குத் தூங்கப் போறார். கொஞ்சம் சொல்லி வைங்க.”

ஒரே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? “ஷூவைக் கழட்டிட்டுச் சாப்பிட வா” என்றார்.

வியாழக்கிழமை நான்கு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நடந்து ஒவ்வொரு பதிலையும் கேட்டார். “ஆமா, என் மனைவி சாம்பல் கலர்ல ஒண்ணு போட்டிருக்கா.” “எங்க அண்ணனும் நானும் ஒரே வீடு, ஒரே வண்டிதான்.” “மாமனார் போன்ல ஒண்ணு போட்டது, அவருக்கே தெரியாது.” பதினொரு மணிக்குத் தலைநகர் எண்களை விட்டுவிட்டுச் சின்ன ஊர் எண்களைக் கூப்பிடச் சொன்னார். அங்கே வேறு மாதிரி இருக்கலாம் என்று நம்பினார். இல்லை. இரண்டு மணிக்குச் சமீபத்தில் பதிந்தவர்களை விட்டு முதல் மாதம் பதிந்தவர்களைப் பிடிக்கச் சொன்னார். அங்கேயும் அதே கதை. தன் கணக்கு பொய்யாக வேண்டும் என்று அவர் அவ்வளவு பாடுபட்டது அதுவே முதல் தடவை.

மாலையில் கூட்டிப் பார்த்தபோது மூன்றில் ஒரு பதிவு ஏதோ ஒரு வீட்டின் இரண்டாவது அல்லது மூன்றாவது நிறம். முப்பத்தோராயிரத்தில் இருபத்தோராயிரம் மிஞ்சியது. இரண்டாம் ஷிஃப்டுக்கு வேண்டிய இருபத்தெட்டாயிரத்துக்கு அது எட்டாத தூரம்.

அவரிடம் இதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் கஷ்டம். அடுத்த அறிக்கை திங்கட்கிழமைதான். வெள்ளிக்கிழமை அறிவிப்பு போன வார அறிக்கையை வைத்து நடக்கும். அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும்.

அவருடைய கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். சாப்பிடும்போது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “திங்கக்கிழமை குடுக்க வேண்டியதைத் திங்கக்கிழமை குடு. முந்திரிக்கொட்டை மாதிரி நீ ஏன் முந்துற?” என்றார்.

“ஒரு புத்தகத்துல பெரிய தப்பைப் பாத்துட்டு, அச்சடிச்சு முடிஞ்சதும் சொல்றேன்னு நீங்க பேசாம இருப்பீங்களா?”

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “புத்தகத்துல என் மச்சான் பேரு இருந்ததில்லையே.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஆலைத் தலைவரிடம் நேரம் கேட்டார். ஆலைத் தலைவர் குறைவாகப் பேசும் ஐம்பது வயதுப் பெண்மணி. அறைக்குள் போனபோது விற்பனைத் தலைவரும் இருந்தார். போனில் பேசினால் போன் இல்லாமலேயே எதிர்முனைக்குக் கேட்கும் என்பதால் அவருக்கு ‘இடி’ என்று பெயர். கீழே முற்றத்தில் நாற்காலி போடுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

வானிலை மருந்துக் கடைக்காரரில் தொடங்கி இருபத்தோராயிரம் வரை சொல்லி முடித்தார்.

“நானூறு பேர்கிட்டப் பேசிட்டு பத்தாயிரம் பேரைக் கழிப்பீங்களா?” என்றார் இடி.

“போன வாரம் முப்பது பேர்கிட்டப் பேசிட்டு ‘தாண்டிடுச்சு’ன்னு சொன்னேன் சார். அப்ப நீங்க கைதட்டினீங்க.”

“ஒரு வீட்டுல மூணு பேர் போடுறாங்கன்னா அந்த வண்டி மேல அவ்வளவு ஆசைன்னு அர்த்தம். அதைப் போய்க் குறைன்னு சொல்றீங்க!”

“ஆசை நிஜம் சார். ஆனா ஒரு வண்டிக்குத்தான்.”

“சரி, இந்த ஒரு நம்பர் ஒரு வண்டி ரூல் யாரோடது?”

“என்னோடது.”

“உங்க ரூல் தப்பு, உங்க அறிக்கை தப்பு, இன்னிக்கு மட்டும் நீங்க சரியா?”

அவர் போன் பட்டியலை மேசையில் வைத்து, “அந்த ரெண்டு தப்பையும் நானேதான் கண்டுபிடிச்சேன். இது தப்புன்னா அதையும் நீங்களே போன் போட்டுக் கண்டுபிடிக்கலாம். நம்பர்லாம் மேசைல இருக்கு” என்றார்.

இடி குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால் அறைக்கு உள்ளே மட்டும் கேட்கும். “உங்க தம்பி செலக்ட் ஆன ஆளுங்கள்ல இருக்கார்னு கேள்விப்பட்டேன். யோசிச்சுப் பேசுங்கம்மா.”

“இருக்கான் சார். முந்தாநாள்தான் பழைய வேலையை விட்டான்.”

ஆலைத் தலைவர் அதுவரை நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி ஒரே கேள்வி கேட்டார்.

“அறுநூறு பேரையும் எடுத்தா என்ன ஆகும்?”

“மூணு மாசம் ஒண்ணும் தெரியாது மேடம். எல்லாரும் வண்டி எடுப்பாங்க. அதுக்கப்புறம் அந்தந்த வீட்டுல மீதியைக் கேன்சல் பண்ண ஆரம்பிப்பாங்க. ஒரே சமயத்துல பண்ணுவாங்க. ஆலை யார்டுல வண்டி நிக்கும்.”

“ஆளுங்க?”

“அவங்களும் நிப்பாங்க. கேட்டுக்கு வெளிய.”

ஆலைத் தலைவர் இடியிடம், “பத்திரிகைக்காரங்ககிட்ட ஷிஃப்ட் தொடங்குதுன்னே சொல்லுங்க. எத்தனை பேர்னு சொல்லாதீங்க” என்றார். பிறகு வானிலையைப் பார்த்தார். “பாதி ஆளோட ஆரம்பிக்கிறோம். ஒயரிங் தெரிஞ்சவங்க முதல்ல. மத்தவங்களை மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்.”

ஒயரிங் தெரிந்தவர்கள். வானிலை தலையாட்டினார். தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் டீசல் இன்ஜின்.

அன்று மாலை அவர் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. அறுநூறு பேருக்கும் போனில் தகவல் போயிருந்தது, பாதிப் பேருக்கு ஒரு மாதிரி, மீதிப் பேருக்கு வேறு மாதிரி. தம்பி கீழ்ப்படியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான்.

“நீயா சொன்ன?”

“நான்தான் சொன்னேன்.”

“யாராவது கேட்டாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்க்கா? ஒரு மூணு மாசம் கழிச்சு சொல்லிருக்கலாமே?”

“மூணு மாசம் கழிச்சு உன்னை வெளிய அனுப்பிருப்பாங்கடா.”

“அனுப்பட்டுமே! அந்த மூணு மாசம் நான் ஒரு வேலைல இருந்திருப்பேன்ல? பேட்டரி, ஒயரிங்னு எதையாவது கத்துக்கிட்டிருப்பேன்ல? அப்புறம் வேற எங்கயாவது போயிருப்பேன்ல?”

அவன் சொன்னது உண்மை. அறுநூறு பேரில் ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று மாதம் ஏதோ ஒரு விதத்தில் பயன்பட்டிருக்கும். அதை அவர் கணக்கில் எங்கேயும் சேர்க்கவில்லை.

“அது சரிதான்டா” என்றார்.

“சரிதான்னா என்ன அர்த்தம்?”

“சரிதான்னு அர்த்தம். ஆனாலும் சொல்லித்தான் இருப்பேன்.”

தம்பி எழுந்து மாடிக்குப் போய்விட்டான். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவன் மனைவி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லித் திட்டப் போகிறாள் என்று வானிலை காத்திருந்தார்.

“பணிமனைல திரும்பக் கேட்டுப் பாத்தார் அண்ணி. அந்த ஆள் சேந்துட்டானாம்.”

“ம்.”

“உங்க மேல கோவம்தான். எனக்கும்தான். ரெண்டு நாளைக்குப் பேச மாட்டோம். சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுங்க, வருவோம்.”

மறுவாரம் டிக்கெட் இணையதளத்தில் நிறம் மாற்றப் பட்டன் வைத்தான். யாரும் டிக்கெட் போடாமலே அவன் செய்த முதல் வேலை அது என்று அலுவலகமே அவனைக் கலாய்த்தது. பதிவு செய்த எல்லாருக்கும், வரிசையில் அவர்களுக்கு இருக்கும் இடம் போகாது, ஒரு வீட்டுக்கு ஒரு வண்டியை உறுதி செய்யுங்கள் என்று செய்தி போயிற்று. கடைசி நாள் வருகிற ஞாயிறு. இடி வானிலையோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் ‘வானிலை’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார், ‘மேடம்’ என்கிறார். அது நல்லதா கெட்டதா என்று அவருக்கே இன்னும் பிடிபடவில்லை. முகவரி கேட்காமல் இனி எந்தப் பதிவும் கிடையாது என்று ஒரு புதிய விதி எழுதிக் கொடுத்திருக்கிறார். இதில் எந்தக் குடும்பம் எப்படிப் புகுந்து வரும் என்று நான்கு பேரையும் யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் ஷிஃப்ட் திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு முந்நூறு பேரோடு தொடங்குகிறது. தம்பி அதில் இல்லை. அன்றைக்கு அவன் ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டச் சேர்கிறான்.